தளத்தில் இறங்கும் வெயில், சந்தில் ஓடும் குளிர்

அடி அண்ணாமலையில் சித்திரை, வைகாசிக்கான மின்கட்டணக் குறுஞ்செய்தி வந்து விழும்போது முதலில் திட்டு வாங்குவது ஏசி. அடுத்து மின்வாரியம். இரண்டுமே பாதி நிரபராதிகள். வீட்டுக்குள் வெயிலைக் கொண்டுவந்து சேர்ப்பது தலைக்கு மேலே இருக்கிற கான்கிரீட் தளம். காசு கொடுத்து வாங்கிய குளிரை வெளியே விடுவது கதவுக்கு அடியில் இருக்கிற விரல் கனச் சந்து. இவை இரண்டையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைக்குப் போய் ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை எண்ணிவிட்டு வருகிறோம்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் மலைக்கு மேற்கே, நகரத்தின் இரைச்சல் எட்டாத பக்கத்தில் இருந்த கிராமம் இது. கீற்றுக் கூரையும் நாட்டு ஓடும் நிறைந்திருந்த தெருக்களில் இப்போது இரண்டு மாடி, மூன்று மாடி வாடகை வீடுகள். கார்த்திகையிலிருந்து மாசி வரை வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து தங்குகிறார்கள். அவர்களை நம்பிக் கட்டிய மாடி அறைகளில், அவர்கள் போன பிறகு, கத்திரி வெயிலில் உள்ளூர்க்காரர்கள் வெந்துகொண்டிருக்கிறார்கள். மார்கழி விடியலில் குரங்குக் குல்லாயோடு கிரிவலம் போகிறவர்களைப் பார்த்தால் இதுவும் குளிர்ப் பிரதேசம்தானோ என்று தோன்றும். ஆனால் இந்த ஊரில் அறையைச் சூடாக்க ஒரு ரூபாய்கூட யாரும் செலவழித்ததில்லை. செலவெல்லாம் எதிர்த்திசையில்.

பழைய வீடுகளில் சந்து இருந்தது கொத்தனாரின் கவனக்குறைவால் இல்லை. ஓட்டு வீட்டில் சூடான காற்று மேலே ஏறி ஓட்டு இடுக்குகள் வழியாக வெளியே போகும், கீழே வாசல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். சுவரின் உச்சியில் மூடவே முடியாத வெண்டிலேட்டர் வைத்தார்கள். முற்றம் வைத்தார்கள். காற்று ஒழுக வேண்டும் என்றே கட்டிய வீடுகள் அவை. மின்விசிறி வந்தபோதும் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கம் வரவில்லை. சிக்கல் ஏசியோடு வந்தது. காற்று ஒழுகக் கட்டிய அறையில், காற்று ஒழுகவே கூடாத இயந்திரம் ஒன்றை மாட்டினோம். இடையில் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவில்லை.

அந்த இடைவேலையைக் குளிர் நாடுகள் அரை நூற்றாண்டாகச் செய்துவருகின்றன. 1973இல் எண்ணெய் விலை எகிறியபோது, வீட்டைச் சூடாக்க எரிக்கும் எரிபொருளில் பெரும்பங்கு சன்னல் ஓரத்திலும் கூரை இடுக்கிலும் வெளியே போவது அவர்களுக்கு உறைத்தது. அமெரிக்கா 1976இல் ஏழைகளின் பழைய வீடுகளுக்குச் சந்து அடைத்துத் தர ஒரு கூட்டரசுத் திட்டமே தொடங்கியது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 1977இல் காற்று புகாத மாதிரி வீடு ஒன்றைக் கட்டிக் காட்டினார்கள். வாசலில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, எங்கெங்கே காற்று கசிகிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை அங்கே சாதாரணம். கனடாவின் ஸ்கார்பரோவில் இருக்கும் நம்மவர்கள் குளிர்காலத்தில் சன்னலுக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முடி உலர்த்தும் கருவியால் அதைச் சூடாக்கி விறைப்பாக இழுத்துவிடுவார்கள். ஊரிலிருந்து போன முதல் வருடம் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள், அடுத்த வருடம் அவர்களே ஒட்டுகிறார்கள். கேஸ் பில் அப்படி.

அவர்களிடமிருந்து கற்கலாம். ஆனால் தலைகீழாகக் கற்க வேண்டும். சூடாக்கிய வீட்டில் வெதுவெதுப்பான காற்று மேலே ஏறிக் கூரை வழியாகத் தப்பும்; அங்கே முதலில் அடைக்க வேண்டியது மேல்பக்கம். நம் ஏசி அறையில் குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு படியும், கதவின் அடிச்சந்து வழியாகக் கூடத்துக்கு ஓடும். அது வெளியேறிய அளவுக்கு ஈடாக, மேலே வெண்டிலேட்டர் வழியாகவும் ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டை வழியாகவும் வெளிக்காற்று புகும். நம்ப முடியாதவர்கள் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஊதுபத்தி இல்லாத வீடு இருக்காது. ஏசியை ஓடவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறைக்குள் கதவின் அடியில் பிடித்தால் புகை வெளியே இழுபடும். நாற்காலி போட்டு ஏறி மேல்சந்தில் பிடித்தால் அதே புகை உள்ளே சாயும். விசிறிச் சோதனையெல்லாம் வேண்டாம். நம் அளவுக்கு இது போதும்.

உள்ளே வருகிற அந்தக் காற்று சூட்டை மட்டும் கொண்டுவருவதில்லை, ஈரத்தையும் சுமந்து வருகிறது. ஏசியின் உழைப்பில் கணிசமான பகுதி இந்த ஈரத்தைத் தண்ணீராகப் பிரித்து வெளியே சொட்டவைப்பதிலேயே போய்விடுகிறது. அடி அண்ணாமலை, வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவில் அமைந்த ஊர். ஏசி மெக்கானிக்கின் கணக்கிலும் இந்த இரண்டு தெய்வங்கள்தான்.

சின்னக் கணக்கு ஒன்று. 120 சதுர அடி அறை, பத்தடி உயரம். அதில் ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று இருக்கும். கதவு, சன்னல், வெண்டிலேட்டர் எல்லாம் ஒழுகும் பழைய அறையில் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை காற்று முழுக்க மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 36 டிகிரி, ஓரளவு புழுக்கம். உள்ளே 26 டிகிரி. இந்தக் கசிவை ஈடுகட்டவே சுமார் 800 வாட் குளிர்ச்சி வேண்டும். ஒரு டன் ஏசியின் மொத்தத் திறனே 3,500 வாட்தான். எட்டு மணி நேரத்தில் இப்படி உள்ளே வந்த ஈரம் மட்டும் ஆறு லிட்டர் அளவுக்குத் தண்ணீராகும். ஒரு லிட்டரைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய 0.2 யூனிட் மின்சாரம் தேவை. பின்பக்கம் ஏசிக் குழாய்க்கு அடியில் வாளி வைத்து, நிரம்பியதும் செடிக்கு ஊற்றுகிறோம் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அந்த வாளி சீக்கிரம் நிரம்பினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. வெளியே இருக்கிற புழுக்கத்தை விலை கொடுத்து வாங்கிக் குரோட்டன்ஸுக்கு ஊற்றுகிறோம்.

மூன்றடி அகலக் கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், அது சுவரில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் நீள அகலமுள்ள சதுர ஓட்டை போட்டதற்குச் சமம். அப்படி ஒரு ஓட்டையைச் சுவரில் கண்டால் எலி வரும் என்றாவது அன்றே அடைத்துவிடுவோம். கதவடிக்கு ரப்பர் பட்டையோ தூரிகைப் பட்டையோ வாங்கித் திருகினால் சில நூறு ரூபாயோடு முடிந்தது. சட்டத்தில் கதவு மோதும் இடத்தில் ஒட்டும் பஞ்சுப் பட்டை, ஏசி குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றிச் சிலிக்கான் பசை, சன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வெடித்த பூச்சுக்குக் கொஞ்சம் சிமென்ட். மரக்கதவு ஐப்பசி மழையில் உப்பி மூட மறுக்கும். ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்கிறோம். அதே மரம் சித்திரையில் வற்றிச் சுருங்கும்போது, சரியாக ஏசி ஓடுகிற மாதத்தில், சந்து விரிந்துவிடும். மழைக்காலத்தில் மரத்தை இழைப்பதைவிடக் கோடையில் பட்டை ஒட்டுவது மலிவு. புது வீடு கட்டுகிறவர்கள் அழகுக்காக வைக்கும் தள்ளு சன்னல், கீல் வைத்து மூடும் சன்னலைவிட அதிகம் ஒழுகும். பட்டை தேய்ந்துபோன தள்ளு சன்னலில் கை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

வெண்டிலேட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏசி மாட்ட வருகிறவர் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிடச் சொல்வார். வேண்டாம். கீல் வைத்த கண்ணாடிப் பலகை போடுங்கள். வருடத்தில் ஏழெட்டு மாதம் அது திறந்திருக்க வேண்டிய வழி.

சந்து அடைப்பதோடு வேலை முடிந்துவிட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும். மாடியில் குடியிருப்பவர்களுக்குச் சந்தைவிடப் பெரிய எதிரி தளம். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். “மொட்டை மாடி ரூமா சார்? ஒரு டன் தாங்காது, ஒன்றரை போட்டுக்குங்க” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. மே மாதப் பகலில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேல்பரப்பு 55, 60 டிகிரியைத் தொடும். அந்தத் தளம் வழியாக, நாம் பார்த்த 120 சதுர அடி அறைக்குள் உச்ச நேரத்தில் ஏறக்குறைய ஆயிரம் வாட் இறங்கும். ஒருவர் உள்ளே மின் அடுப்பை எரியவிட்டுப் போனதற்கு ஈடு. கூடவே, கான்கிரீட் வெப்பத்தைத் தாமதமாக இறக்கும். பகல் இரண்டு மணி வெயில் இரவு ஏழெட்டு மணிக்குத்தான் படுக்கைக்கு வந்து சேரும். நாம் ஏசியைப் போடுகிற நேரமும் அதுதான். இதற்கு அரை டன் கூடுதலாக வாங்குவதற்குப் பதில், அந்தப் பணத்தில் பாதியைத் தளத்தின் மேல் போடலாம் என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். அவர் விற்பது ஏசி.

நம் தாத்தா காலத்து மெத்தை வீட்டில் தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாகச் சுண்ணாம்பில் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று வெளியூர் கட்டடக் கலைஞர்கள் படிக்க வருவது இதைத்தான். அந்தக் கனம் முழுவதும் வெயிலைத் தடுத்தது. கான்கிரீட் தளம் வந்த பிறகும் மேலே ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போடும் வழக்கம் வெகுநாள் இருந்தது. கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அது எஸ்டிமேட்டிலிருந்து மெல்ல உதிர்ந்துவிட்டது. ஒழுகாமல் இருக்க ஒரு கெமிக்கல் பூசினால் போதும் என்றார்கள். மழை ஒழுகவில்லை, வெயில் ஒழுகுகிறது.

புதிதாக ஜல்லி அடித்துத் தட்டோடு பதிக்க எல்லோராலும் முடியாது. வெள்ளையடிக்க முடியும். சாம்பல் நிறக் கான்கிரீட் தன் மேல் விழும் வெயிலில் கால்பங்கு அளவைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பரப்பு முக்கால்பங்கு அளவுக்குத் திருப்பிவிடும். அகமதாபாத் நகரம் 2010 மே மாத வெப்பத்தில் கொத்துக் கொத்தாக உயிர்களைப் பறிகொடுத்து, 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்து, பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. சென்னை பெரும்பாக்கத்தில் நம் அரசும் சோதித்துப் பார்த்திருக்கிறது. நாம் பொங்கலுக்குச் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கிறோம், மாட்டுக்கொட்டகைக்கு அடிக்கிறோம், தென்னை மரத்துக்கு அடிக்கிறோம். நாள் முழுவதும் வெயிலில் கிடக்கும் மொட்டை மாடிக்கு மட்டும் ஒரு கை வைப்பதில்லை. பங்குனி பிறந்ததும் சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கை ஓட்டினால் அந்தக் கோடை தாங்கும். ஐப்பசி மழையில் கரையத்தான் செய்யும். கரையட்டும், வெயிலுக்குத்தானே அடித்தோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீடு முழுவதையும் அடைக்கக் கிளம்பிவிடக் கூடாது. அடைக்க வேண்டியது ஏசி ஓடும் ஒரே அறை. அதுவும் ஏசி ஓடும் நேரத்துக்கு மட்டும். விறகடுப்போ கேஸ் அடுப்போ எரியும் சமையலறையில் காற்று தாராளமாகப் போய்வர வேண்டும். கேஸ் கீசர் வைத்த குளியலறையில் வெண்டிலேட்டரை மூடுவது உயிரோடு விளையாடுவது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்குக் கரி மூட்டிவிட்டுச் சன்னலை அடைத்துத் தூங்கியவர்கள் மறுநாள் எழாமல் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஏசி அறையிலும் விடிந்ததும் கதவு சன்னலைத் திறந்து கால் மணி நேரமாவது காற்று மாற விட வேண்டும். மூடிய அறையில் இரண்டு மூன்று பேர் இரவெல்லாம் விட்ட மூச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த மலையிலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், 1899 முதல் 1916 வரை விருபாட்ச குகையில் இருந்தார். கோடையில் அந்தக் குகை தாங்க முடியாத சூடு. அந்த மாதங்களில் பக்கத்திலேயே, நிழலும் தண்ணீரும் அருகில் இருந்த மாமரத்துக் குகைக்கு மாறிவிடுவார்கள். குகையைக் குளிரவைக்க யாரும் முயலவில்லை. ஆட்கள் இடம் மாறினார்கள். நம் பழைய வீட்டிலும் நடந்தது இதுதான்: பகலில் உள் அறை, சாயங்காலம் திண்ணை, இரவு முற்றம் அல்லது மொட்டை மாடி. அந்த வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். கொசு இருக்கிறது, பயம் இருக்கிறது, திண்ணையில் படுக்கும் சுதந்திரம் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி எப்போதும் இருந்ததில்லை. மூட்டு வலிக்காரப் பாட்டியை மாடி ஏறச் சொல்ல முடியாது. ஆனால் நேரம் பார்த்துச் சன்னலைத் திறப்பது, நேரம் பார்த்து மூடுவது என்ற பழக்கத்தை ஏசி வாங்கியதும் கைவிட்டுவிட்டோம். பகலில் வெளிச்சூடு ஏறும்போது மூடி, திரை போட்டு, இரவில் வெளியே தணிந்ததும் திறந்துவிட்டால் ஏசியே வேண்டாத நாள்கள் பங்குனியிலும் ஆவணியிலும் நிறையவே உண்டு.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம், அதன் பிறகு படிப்படியாக விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே உள்ள யூனிட்டுகளுக்கு விலை கூடுவதோடு, 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். அதனால் 520 யூனிட் காட்டும் வீட்டுக்காரர் முப்பது யூனிட் மிச்சம் பிடித்தால் கிடைக்கும் லாபம், அந்த முப்பதின் விலையைவிட அதிகம். ஏசியை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒழுகுகிற அறையில் 24 வைத்தாலும் குளிராது, உடனே 18க்கு இறக்குகிறோம். ஒழுகாத அறையில் 26ஏ போர்வை கேட்கும்.

இதுவரை சொன்னது ஏசி வாங்க முடிந்தவர்களின் கவலை. வாங்க முடியாதவர்களுக்குத் தளம் ஒன்றுதான் பிரச்சினை, அதை அவர்கள் தலையில் வைத்தது பெரும்பாலும் அரசு. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம், 2011இல் 300 சதுர அடி பசுமை வீடுகள், 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று ஆட்சி மாறினாலும் கூரை மாறவில்லை. கனவு இல்லத்தில் 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய்; 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. கீற்றும் கரும்புத் தோகையும் வேய்ந்த குடிசையில் மழைக்கும் தீக்கும் பாம்புக்கும் பயந்து வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை, சந்தேகமே இல்லை. ஆனால் கீற்றுக் கூரை வெயிலைத் தடுத்தது, வெறும் தளம் தடுக்கவில்லை. மூன்றரை லட்சத்தோடு இன்னும் சில ஆயிரம் சேர்த்து வெயில் திருப்பும் வெள்ளைப் பூச்சையாவது அந்த எஸ்டிமேட்டிலேயே எழுதிவிடலாம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் என்று நிர்ணயித்த அரசு இது. நிவாரணத் தொகையில் சிறு துண்டு போதும், ஒரு கூரையை வெளுக்க.

தனியார் வீடுகளுக்கும் விதி என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா, தளத்தின் ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது. நம் வெறும் தளம் அதைப்போல மூன்று மடங்கு இறக்குகிறது. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்காக வகுக்கப்பட்டது. இந்த ஊரில் சுமார் 5,400 சதுர அடி மனையில் வீடு கட்டுகிறவர்கள் எத்தனை பேர்? மறுபக்கம், 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டச் சுயசான்று கொடுத்தால் இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதே. அந்த இணையப் படிவத்தில் “தளத்தின் மேல் என்ன போடப் போகிறீர்கள்?” என்று ஒரு கேள்வியைச் சேர்ப்பதில் யாருக்கும் கஷ்டமில்லை. பதில் தட்டோடோ, வெள்ளைப் பூச்சோ, சூரியத் தகடோ, எதுவாகவும் இருக்கட்டும். “ஒன்றுமில்லை” என்று எழுதக் கூச்சப்பட்டாலே பாதிப் பேர் ஏதாவது போடுவார்கள்.

வாடகை வீட்டில் இதுவும் நடக்காது. கட்டுகிறவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுகிறவர் இன்னொருவர். தட்டோடு போட்டால் வீட்டுக்காரருக்கு ஒரு பைசா மிச்சமில்லை; சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தானே ஒரு விலை சொல்கிறவராக இருந்தால், குடியிருப்பவர் எவ்வளவு எரித்தாலும் அவருக்கு லாபம்தான். சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கும் வரை குடி வருகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாடகை வீட்டைப் பெரும்பாலும் காலையில்தான் காட்டுகிறார்கள்: சன்னலைத் திறந்தால் மலை தெரியும், காற்று வரும், மனம் குளிர்ந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். கொடுப்பதற்கு முன் இன்னொரு தடவை, இரவு எட்டு மணிக்குப் போங்கள். மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மின்விசிறி போடாமல் பத்து நிமிடம் உட்காருங்கள். வீட்டுக்காரரையும் கூட உட்காரவையுங்கள். வாடகை பேச அதைவிடத் தோதான இடம் கிடைக்காது.